கேளுங்கள், சிஸ்டர் பதில் சொல்கிறார்: நாள் போதாத அம்மாக்களுக்கு

(வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர், வாசகியரின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

காலையில் பட்டியல் போட்டுத்தான் நாளைத் தொடங்குகிறேன். 15 வேலை எழுதினால் இரவுக்குள் 6 முடிந்தாலே அதிகம். நான்தான் மந்தமா?
- வேலைக்குப் போகும் ஒரு தாய்

மந்தமெல்லாம் இல்லை. கணக்குத்தான் உதைக்கிறது. கனடாவில் ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் கல்லூரி மாணவர்களிடம், ‘ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. ‘எல்லாமே சொதப்பினால்?’ என்றதற்கு 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல். 1994-ல் வெளிவந்த ஆய்வு இது. அந்த மாணவர்களில் எத்தனை பேர் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள்?

ஒரு வாரம் புதிதாக எதையும் திட்டமிட வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்தை மட்டும் குறியுங்கள். குழந்தையைக் குளிப்பாட்ட 10 நிமிஷம் என்று நினைத்திருப்பீர்கள். துணி எடுப்பது, கெஞ்சுவது, தரையைத் துடைப்பது எல்லாம் சேர்ந்தால் அரைமணி ஓடியிருக்கும். அடுத்த வாரப் பட்டியலை இந்த எண்களை வைத்துப் போடுங்கள். அதிலும் மூன்றில் ஒரு பங்கு நேரத்தைச் சும்மா விடுங்கள். காய்ச்சலும் பள்ளியிலிருந்து வரும் போனும் சொல்லிவிட்டு வருவதில்லை.

இப்போது பல வேலைகள் பட்டியலுக்கு வெளியே நிற்கும். சிலவற்றை வேறு நாளுக்குத் தள்ளலாம், சிலவற்றை வேறு ஆளிடம் தரலாம். சிலவற்றை யாருமே செய்ய வேண்டாம். உள்ளாடையை மடிக்காமல் அலமாரியில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

கணவர் நல்லவர். ‘என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்’ என்பார், சொன்னால் செய்தும் விடுவார். ஆனாலும் என் தலை ஓய்வதே இல்லை. இதைக் குறையாகச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ?
- பெயர் வேண்டாம்

ஆகமாட்டீர்கள். அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி, 2019-ல் ஒரு கட்டுரை எழுதினார். குடும்பத்துக்காக மூளை செய்யும் வேலையை அவர் நான்காகப் பிரிக்கிறார்: தேவை வரப்போவதை முன்பே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. முடிவெடுக்கும்போது பெரும்பாலும் இருவரும் இருக்கிறார்கள். முதலாவதும் கடைசியும் அதிகமாக விழுவது மனைவியின் தலையில். இந்த இரண்டும் வெளியே தெரிவதில்லை, முடிவதும் இல்லை.

தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறவர் அவர். தேதியை ஞாபகம் வைத்தது, அட்டையைத் தேடி எடுத்தது, நேரம் வாங்கியது, இரவில் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது? நீங்கள்.

வார்டில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸ் வந்து, ‘ஏதாவது இருந்தால் கூப்பிடுங்கள்’ என்று உட்கார முடியாது. படுக்கை படுக்கையாகப் போய்ப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த டிரிப் எப்போது தீரும், யாருடைய ரத்த ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் கைமாறும். அப்புறம் அந்த நோயாளிகள் அவள் பொறுப்பு. கொடுத்துவிட்டுப் போனவள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்.

வீட்டிலும் அப்படி ஒப்படையுங்கள். வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல், ஒரு பொறுப்பை அடிமுதல் நுனிவரை கொடுங்கள். தடுப்பூசி அவருடையது என்றால் அட்டை, தேதி, டாக்டர் நம்பர், மறுநாள் கவனிப்பு எல்லாமே அவருடையது. ஒருநாள் உட்கார்ந்து தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுங்கள். பிறகு ‘போன் பண்ணீங்களா?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் கண்காணிப்பு திரும்ப உங்களிடம் வந்துவிடும்.

முதல் மாதம் ஏதாவது தவறும். தவறினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்தான மருந்துகளை நாங்களும் இரண்டு பேர் சரிபார்த்துத்தான் கொடுப்போம், எனவே மருந்தின் அளவை இருவரும் பாருங்கள். சட்டைக்குப் பொருந்தாத டவுசரில் பிள்ளை போகிறானா? போகட்டும். 10 வயதுப் பிள்ளை இருந்தால் அவனுடைய பள்ளிப் பையையும் இதே முறையில் அவனிடமே விட்டுவிடலாம். ஒருநாள் நோட்டு இல்லாமல் போய் நிற்பான், மறுநாள் எடுத்து வைப்பான்.

டயரி நல்லதா, மொபைல் செயலியா?

எதுவானாலும் சரி, ஒன்றுதான் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்றால், சுவரில் ஒரு பெரிய காலண்டரும் கயிற்றில் கட்டிய பேனாவும் போதும். கயிறு முக்கியம்.

படுத்த பிறகுதான் செய்யாத வேலையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. தூக்கம் போய்விடுகிறது.

எழுதிவிட்டுப் படுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். படுக்கும் முன் 5 நிமிஷம், இனிச் செய்யவேண்டியதைச் சிலரும், முடித்ததை மற்றவர்களும் எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். கலந்துகொண்டவர்கள் இளைஞர்கள், தூங்கியது ஆய்வுக்கூடத்தில். அதனால் நமக்கும் அதே 9 நிமிஷம் கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால் காசு இல்லாத வைத்தியம். விவரமாக எழுதுங்கள். ‘பள்ளி’ என்று எழுதினால் மனம் விடாது, ‘செவ்வாய் காலை ஃபீஸ் கட்டணும்’ என்று எழுதினால் விடும். மொபைலில் வேண்டாம். ஒரு வரி எழுதப் போய் அரைமணி போய்விடும்.

எட்டு மாதக் குழந்தை. எந்த அட்டவணை போட்டாலும் இரண்டு நாள் தாங்குவதில்லை.

தாங்காது. இந்த வயதில் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்க வேண்டும் என்பார்கள். அது எந்தெந்த நேரம் என்பதைப் பெரும்பாலும் குழந்தைதான் முடிவு செய்கிறது. மணிக்கணக்கை விட்டுவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எழுந்தால் பால், அப்புறம் விளையாட்டு, அப்புறம் தூக்கம். அது தூங்கும் நேரத்தில் ஒரே ஒரு வேலை, அல்லது உங்கள் தூக்கம். பார்க்க வருகிறவர்கள் ‘ஏதாவது உதவி வேணுமா?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்று சொல்லி உபசரிக்கப் போகாதீர்கள். குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.