லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு இன்றும் ஏன் மவுசு குறையவில்லை?

முதலில் அது பெயர் வாங்கியது வேகத்தால். 1860இல் அமெரிக்காவின் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை பெற்ற ரைஃபிளில் ஒரே தடவையில் 16 தோட்டாக்கள் வரை நிரப்பலாம். அன்றைய படைவீரர்கள் பலர் ஒவ்வொரு முறையும் குழல் வாயில் வெடிமருந்தும் குண்டும் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். இதிலோ விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை (அதுதான் லீவர்) கீழே தள்ளினால் காலிக் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தயார். அப்புறம் ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் நிறுவனத்தின் 1894 லீவர் ஆக்‌ஷன் மாடல், 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

குறை இல்லாமல் இல்லை. குழலுக்கு அடியிலுள்ள குழாயில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரை, அதாவது அதன் பின்புறத்தில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதியைக் குத்தினால் உள்ளேயே வெடிக்கலாம். அதனால் பெரும்பாலும் தட்டைமுனைதான். அது தூரத்தில் வேகம் இழக்கும். சரி, அடர்ந்த காட்டில் மான் வேட்டைக்கு யார் அரை கிலோமீட்டர் சுடப்போகிறார்கள்? மிச்சம் கௌபாய் படங்களின் மயக்கம்!