இரண்டு இணைப்புகள் இருந்தும் ஒன்றில் மட்டும் நெரிசல் ஏன்?

கேள்வி: எங்கள் டேட்டா சென்டரில் சர்வர்கள் ஒரு பிரோகேட் ஃபைபர் சேனல் (சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் வலையமைப்பு) ஸ்விட்சிலும், ஸ்டோரேஜ் மற்றொரு பிரோகேட் ஸ்விட்சிலும் உள்ளன. இரண்டையும் ஒரே வேகமுள்ள இரு இணைப்புகள் சேர்க்கின்றன. இரவு பேக்அப் நேரத்தில் ஓர் இணைப்பு நிரம்பிவிடுகிறது. மற்றொன்று சும்மா கிடக்கிறது. சர்வர் பக்க ஸ்விட்சில் வழித்தேர்வு அமைப்பான ஏபிடிபாலிசியை (aptpolicy) 1-லிருந்து 3-க்கு மாற்றியும் பயனில்லை. மூன்றாவது இணைப்பு போடலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைய அமைப்பில் அதுவும் சும்மா கிடக்க வாய்ப்புண்டு.

ஸ்விட்சுகளுக்கு இடையே குறைந்த மதிப்புள்ள வழியைக் கண்டறியும் எஃப்எஸ்பிஎஃப் (FSPF) நெறிமுறை உங்கள் இரு இணைப்புகளையும் சம மதிப்புள்ள வழிகளாகவே கணக்கிட்டிருக்கும். சமமான வழிகளுள் எதில் அனுப்புவது என்பதை ஏபிடிபாலிசி தீர்மானிக்கிறது. ஏபிடிபாலிசி 1 எனில், உள்ளே வரும் போர்ட் ஒவ்வொன்றும் வெளியேறும் ஓர் இணைப்போடு பிணைக்கப்படும். அந்தப் போர்ட்டில் எவ்வளவு தரவு வந்தாலும் அந்த ஒரே வழியில்தான் போகும். ஏபிடிபாலிசி 3 எனில், அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகியவற்றுடன் எக்ஸ்சேஞ்ச் எண்ணும் கணக்கில் சேர்வதால், ஒரே சர்வருக்கும் ஒரே ஸ்டோரேஜ் போர்ட்டுக்கும் இடையிலான போக்குவரத்துகூட இரு வழிகளிலும் பரவும். ஒரு ரீட் அல்லது ரைட் கட்டளை ஓர் எக்ஸ்சேஞ்ச் ஆகும். அதன் ஃபிரேம்கள் (தரவைச் சுமக்கும் சிறு துண்டுகள்) அனைத்தும் ஒரே வழியில் செல்வதால் வரிசை குலைவதில்லை.

நீங்கள் செய்த மாற்றம் சரியானதே. ஆனால் அது பாதி வேலைதான். ஒவ்வொரு ஸ்விட்சும் தன்னிடமிருந்து வெளியேறும் ஃபிரேம்களுக்கு மட்டுமே வழி தேர்கிறது. பேக்அப்பின்போது சர்வரிலிருந்து போவது சிறிய ரீட் கட்டளை. பெருந்தரவு முழுவதும் ஸ்டோரேஜிலிருந்து சர்வரை நோக்கித் திரும்பி வருகிறது. அந்தத் திசைக்கு வழி தேர்வது ஸ்டோரேஜ் பக்க ஸ்விட்ச். அது இன்னும் 1-இல் இருந்தால், தரவு தரும் ஸ்டோரேஜ் போர்ட் ஓர் இணைப்பிலேயே கட்டுண்டு கிடக்கும். இதுவே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். அங்கே ஏபிடிபாலிசி கட்டளையை எண் தராமல் இட்டால் இப்போதைய மதிப்பு தெரியும்.

மாற்றுவதற்கு முன் ஒன்றைத் தவறாமல் கவனியுங்கள். இதற்கு ஸ்விட்ச்டிசேபிள் கட்டளையால் ஸ்விட்சை முடக்க வேண்டும்; அப்போது அதன் போர்ட்கள் அனைத்தும் இறங்கிவிடும். ஆகவே, ஒவ்வொரு சர்வருக்கும் மற்றொரு ஃபேப்ரிக் (தனித்து இயங்கும் ஸ்விட்ச் வலையமைப்பு) வழியாக மல்ட்டிபாத் (ஸ்டோரேஜுக்கான மாற்று வழி) உயிரோடு இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்து, பராமரிப்பு நேரத்தில் ஒரு ஃபேப்ரிக்கில் மட்டும் மாற்றி, ஸ்விட்ச்எனேபிள் கொடுத்து, எல்லா வழிகளும் திரும்பிய பிறகே அடுத்த ஃபேப்ரிக்கைத் தொடுங்கள். பின்னர் பேக்அப் ஓடும்போது போர்ட்பெர்ஃப்ஷோ கட்டளையில் இரு இணைப்புகளின் அளவையும் ஒப்பிடலாம்.

மெயின்ஃபிரேமின் ஃபைகான் போக்குவரத்தும் இதே ஸ்விட்சுகளில் ஓடினால் அவசரப்பட வேண்டாம். வழித்தேர்வு 1-இல் வைக்கப்பட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கருவி நிறுவனத்தின் பரிந்துரையைப் பார்த்த பின்னரே மாற்றுங்கள்.

ட்ரங்கிங் உரிமம் இருந்தால், இரு இணைப்புகளையும் ஒரே போர்ட் குழுவில் அமைத்து ஒன்றாக இணைப்பது இன்னும் நல்லது. அங்கே பகிர்வு ஃபிரேம் அளவில் நடப்பதால், ஒரே பெரிய எக்ஸ்சேஞ்ச்கூட இரண்டிலும் பிரிந்து செல்லும்.

கேள்வி: சிஸ்கோ எம்டிஎஸ் ஸ்விட்சுகளுக்கும் இது பொருந்துமா?

பதில்: அடிப்படை ஒன்றே. ஆனால் அங்கே இந்த அமைப்பு விசான் (VSAN, ஒரே கருவிக்குள் பிரிக்கப்பட்ட மெய்நிகர் வலையமைப்பு) தோறும் தனித்தனியாகச் செய்யப்படுகிறது. எக்ஸ்சேஞ்ச் எண்ணையும் சேர்த்துப் பகிர்வதே இயல்புநிலை. வழியின் மதிப்பையும் சிஸ்கோ வேகத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. 8 ஜிபி இணைப்புக்கு 125, 16 ஜிபி இணைப்புக்கு 62 என்பதாலும், குறைந்த மதிப்புள்ள வழியே தேரப்படுவதாலும், இவ்விரண்டையும் தனித்தனியாக அருகருகே போட்டால் போக்குவரத்து முழுவதும் 16 ஜிபி இணைப்பிலேயே செல்லும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது இணைப்புகளின் வேகத்தைத்தான்.