சின்னக் குறுக்குவில்லும் மானின் காதும்: கேட்டவர்களுக்குப் பதில்

கனடாவின் ஒன்ராறியோவில் பன்னிரண்டு வருடமாகக் குறுக்குவில்லோடு (துப்பாக்கிபோல விசை அழுத்தி அம்பு விடும் கிராஸ்போ) மான் வேட்டைக்குப் போகிறேன். வெள்ளைவால் மான் மட்டும்தான், வேறு மிருகம் பற்றிக் கேட்காதீர்கள். போன கிழமை "சின்ன வில் பற்றி ஏதும் கேட்க இருந்தால் கேளுங்கள்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், நாற்பதுக்கு மேல் கேள்வி வந்து குவிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் எழுத முடியாது, தெரிந்ததற்கும் எனக்குப் பிடித்ததற்கும் எழுதுகிறேன். தொடங்க முதல் ஒன்று: வில்லைத் தாங்கும் கையின் பெருவிரலை ரெயிலுக்கு மேலே தூக்காதீர்கள். நாண் ஓடும் பாதை அது. இதை இன்னும் பல தரம் சொல்வேன்.

கேள்வி: அண்ணை, புது வில். 20 கெஜத்தில் ஒரு அம்பு நடுவில், அடுத்தது மூன்று அங்குலம் இடம், அதற்கடுத்தது வலம். ஸ்கோப் பிழையா? மாற்றட்டுமா?

மாற்றாதீர்கள் தம்பி. ஸ்கோப்பின் (வில்லின் மேலே இருக்கும் குறிபார்க்கும் குழாய்) குறி மட்டும் பிழையென்றால் எல்லா அம்பும் சேர்ந்து ஒரே பக்கமாகப் போகும். அங்கும் இங்கும் சிதறுகிறதென்றால் முதலில் நாணைப் பாருங்கள்.

சின்ன வில்லில் நாண் ஓடும் தூரம் குறைவு. அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் பெரிய வில்லின் வேகம் வர வேண்டுமென்றால் இழுவை, அதாவது நாணை இழுக்கத் தேவையான பலம், கூட இருக்க வேண்டும். அதனால் கையால் இழுக்கிறபோது பலமான கைப் பக்கம் நாண் ஒரு மயிரிழை கூடுதலாக வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இலக்கில் அங்குலக் கணக்கில் தெரியும். ஒவ்வொரு தரமும் வேறு வேறு அளவில் வருவதால்தான் ஒருக்கால் இடம், ஒருக்கால் வலம். இதற்கு மருந்து ஐந்து டொலர் வெள்ளைப் பேனை. வில் இழுபடாமல் இருக்கும்போது நாண் ரெயிலில் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ரெயிலின் இரண்டு ஓரமும் நாணைத் தொடுகிற இடங்களை நாணிலேயே குறியுங்கள். இழுத்து மாட்டிய பிறகு அந்த இரண்டு குறியும் ரெயிலின் ஓரங்களோடு சரியாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் சுடாதீர்கள். வெறுங்கையால் இழுக்கவும் வேண்டாம், இழுகயிறு (நாணில் கொக்கியை மாட்டி இழுக்கும் கயிறு) பாவியுங்கள். பாரமும் பாதியாகும், இரண்டு பக்கமும் சமமாகவும் வரும்.

நாண் சரியென்றால் அடுத்தது ஆணிகள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையம், அது உட்காரும் கட்டை, வில்லின் கைகளைத் தண்டோடு இணைக்கும் பெரிய ஆணி, எல்லாவற்றையும் கைநூலில் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்குங்கள். நான் ஒரு கோடை முழுவதும் இரண்டு ஸ்கோப் மாற்றி, மனைவியிடம் பேச்சு வாங்கி, கடைசியில் கட்டையின் அடியில் ஒரு ஆணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தவன்.

மூன்றாவது அம்புகள். எல்லாவற்றிலும் இலக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு அம்பும் எங்கே குத்துகிறது என்று தாளில் குறியுங்கள். ஆறில் ஐந்து ஒன்றாகப் போய், நாலாம் இலக்கம் மட்டும் எப்போதும் வலது பக்கம் ஓடினால் குற்றம் வில்லில் இல்லை, நாலாம் இலக்கத்தில். அதன் வால்முனை (நாண் தள்ளும் பின்முனை) வெடித்திருக்கலாம், இறகு கிளம்பியிருக்கலாம், முனை கோணலாக இருக்கலாம். வால்முனையின் வடிவமும் முக்கியம். தட்டை, அரைவட்டம், நாணைக் கவ்வுவது என்று வகை உண்டு, உங்கள் வில்லுக்குச் சொன்னதைத்தான் போட வேண்டும். பிழையானதைப் போட்டால் நாண் அம்பின் மேலாலோ கீழாலோ வழுக்கி ஓடி, வெறும் வில்லை விட்டதுபோல் ஆகிவிடும். அப்போது வில்லின் கைகள் வெடித்துப் பறக்கலாம்.

கடைசியாக, வில்லைச் சரித்துப் பிடிக்கிறீர்களா பாருங்கள். சின்ன வில் கைக்கு இலகு, அதனாலேயே தெரியாமல் சரியும். ஒரு நீர்மட்டக் குமிழ் ஒட்டுங்கள். இவ்வளவும் முடித்தபிறகும் சிதறினால் எழுதுங்கள்.

கேள்வி: எந்த வில் வாங்கலாம்?

உங்கள் கைக்கும் தோளுக்கும் சரியானது. கடைக்குப் போய்த் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒன்ராறியோவில் ஆகச் சின்ன வில் எது வரைக்கும் சட்டப்படி சரி? இணையத்தில் ஒரு கையால் சுடுகிற பிஸ்டல் மாதிரி ஒன்று பார்த்தேன்.

அதைத் தொடவே தொடாதீர்கள். கனடாவில் முழு நீளம் 500 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான குறுக்குவில்லும், ஒரு கையால் குறிவைத்துச் சுடும்படி செய்ததும் தடைசெய்யப்பட்ட ஆயுதம். வைத்திருந்தாலே குற்றம். அதைவிடப் பெரிய சாதாரண வில்லை வைத்திருக்கத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. ஆனால் மான் வேட்டைக்கு வேட்டைப் பயிற்சி முடித்து, அவுட்டோர்ஸ் கார்ட் (மாகாணம் கொடுக்கும் வேட்டை, மீன்பிடி அட்டை), மான் உரிமம் எல்லாம் எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் மானுக்கு இழுவை 45 கிலோவாவது, இழுநீளம் (நாண் இழுபடும் தூரம்) 300 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், வேட்டை முனை 22 மில்லிமீட்டர் அகலமும் இரண்டு கூரான வெட்டு ஓரமும் உடையதாக இருக்க வேண்டும். சின்ன வில் வாங்குகிறவர்கள் இழுநீளத்தைக் கடையிலேயே அளந்து கேளுங்கள்.

கேள்வி: ஸ்கோப்பைத் திருப்புகிறேன், அம்பு நகரவே இல்லை. பழுதோ?

எத்தனை கிளிக் திருப்பினீர்கள்? நாலு, ஐந்து? சாதாரண ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது 100 கெஜத்தில் கால் அங்குலம். 20 கெஜத்தில் அதன் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு அங்குலம் நகர்த்தக் கிட்டத்தட்ட 20 கிளிக் வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

வேக வளையம் (அம்பின் வேகத்துக்கு ஏற்பத் திருப்பிவைக்கும் வளையம்) உள்ள ஸ்கோப் என்றால் முதலில் 20 கெஜத்தில் மேல் கோட்டைச் சரிசெய்யுங்கள். பிறகு 50 கெஜத்துக்குப் போய் 50 கெஜத்துக்கு உரிய கோட்டால் சுட்டுப் பாருங்கள். கீழே விழுந்தால் வளையத்தில் வேகத்தைக் குறையுங்கள், மேலே போனால் கூட்டுங்கள். பெட்டியில் போட்ட வேகத்தை அப்படியே நம்பாதீர்கள். அது அவர்களுடைய அம்பு, அவர்களுடைய எடை.

கேள்வி: வினாடிக்கு 400 அடி வேக வில் வைத்திருக்கிறேன். 80 கெஜத்தில் தட்டில் கொத்தாகக் குத்துகிறது. மானுக்கும் 80 போகலாம்தானே?

இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். போகக்கூடாது. ஏனென்று கணக்காகவே சொல்கிறேன்.

சத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகும். உங்கள் அம்பு 400 அடி, வழியில் வேகம் குறையவே குறையாது என்று உங்களுக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். 80 கெஜம் என்பது 240 அடி. அம்பு போய்ச்சேர 0.6 வினாடி. நாண் அடிக்கும் சத்தம் 0.22 வினாடியில் மானின் காதில். மிச்சம் 0.38. திடுக்கிட ஒரு 0.1 கொடுங்கள், 0.28 வினாடி அதன் கையில் இருக்கிறது. பயந்த மான் பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கிக் கீழே இறங்கும். சும்மா விழுகிற பொருளாகக் கணக்கிட்டாலே அந்த நேரத்தில் 15 அங்குலம் இறங்கிவிடும். நீங்கள் குறிவைத்த நுரையீரல் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அம்பு முதுகுக்கு மேலால் போகும், அல்லது முதுகில் குத்தி மான் நாட்கணக்கில் அலையும்.

இதே கணக்கை 40 கெஜத்தில், 350 அடி வில்லுக்குப் போட்டால் மூன்று அங்குலச் சொச்சம். 20 கெஜத்தில் அதற்கு அசையவே நேரமில்லை. என் எல்லை 35. அமைதியாக மேய்கிற மான் என்றால் 40, அதற்கு மேல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறுமொழி (பிராம்டனிலிருந்து): அப்படியென்றால் கொஞ்சம் கீழே குறிவைத்தால் சரிதானே அண்ணா?

எல்லா மானும் இறங்காதே. காற்றுச் சத்தம் இருக்கும் நாளில் அசையாமலே நிற்கும், அப்போது உங்கள் அம்பு காலில் குத்தும். மான் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சூதாடுவதற்குப் பெயர் குறிவைப்பதா?

மறுமொழி (இன்னொருவர்): வேகமான வில் இதைத்தானே குறைக்கிறது. நீங்களே சொன்னீர்களே நேரம்தான் பிரச்சினை என்று.

குறைக்கிறது, ஆனால் பாருங்கள் எவ்வளவு என்று. 40 கெஜத்தில் 350 அடி வில்லுக்கு 0.34 வினாடி, 400 அடி வில்லுக்கு 0.30. இந்த 0.04 வினாடிக்காக ஆயிரம் டொலர் கூடக் கொடுக்கலாம், அது உங்கள் காசு. ஆனால் பத்துக் கெஜம் கிட்டப் போனால் அதைவிடக் கூட நேரம் இலவசமாகக் கிடைக்கும். சின்ன வில்லின் உண்மையான நன்மையும் அதுதான்: ஒடுக்கமான பரணில், கிளைகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் திருப்பலாம், அதனால் மான் கிட்ட வரும் இடத்தில் உட்காரலாம். அதை வாங்கிவிட்டுத் தூரத்துக்குச் சுடுகிறேன் என்றால் என்னத்துக்கு வாங்கினீர்கள்?

வேகப் பைத்தியத்தில் இன்னொரு ஆபத்து, லேசான அம்பு. வில்லுக்குச் சொன்ன குறைந்த எடைக்குக் கீழே போகாதீர்கள். அம்பு லேசாக லேசாக வில்லின் பலத்தை அது எடுத்துப் போகாது, மிச்சம் வில்லின் கைகளிலும் நாணிலும் இறங்கும், சத்தமும் கூடும். என்னுடையது 400 கிரெயினுக்கு மேல், அதாவது 26 கிராம் சொச்சம்.

மறுமொழி (மீண்டும் பிராம்டன்): யூடியூபில் ஒருவர் 100 கெஜத்தில் மான் எடுத்தார்.

தவறவிட்டதை அவர் போடுவாரா? இந்த வாதம் இதோடு முடிந்தது. தூரத்தை அளக்கும் கருவி வாங்குங்கள். 350 அடி வில்லில் 40 என்று நினைத்தது 50 ஆக இருந்தால் அம்பு ஏழு அங்குலம் கீழே போகும், மான் அசையாவிட்டாலும்.

கேள்வி: பயிற்சி முனையில் அச்சொட்டாகப் போகிறது, வேட்டை முனை போட்டால் நாலு அங்குலம் தள்ளிப் போகிறது.

விரியாத, நிலைத்த பிளேடு முனை போட்டால் அம்பின் முன்பக்கத்திலும் இறகு மாதிரி ஒன்று முளைத்துவிட்டதென்று வையுங்கள், காற்று அதையும் திருப்பும். வேகம் கூடக் கூட மோசம். அம்பைத் தட்டையான மேசையில் உருட்டிப் பாருங்கள், முனை ஆடினால் அதுதான் காரணம். ஆடாத அம்புகளை மட்டும் வேட்டைக்கு ஒதுக்கி, வேட்டை முனையோடே ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். குத்தும்போது விரியும் முனைகள் பயிற்சி முனைக்குக் கிட்டவாகப் பறக்கும், ஆனாலும் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குள் போகாதீர்கள். ஒரே புள்ளியில் இரண்டு அம்பு விடவும் வேண்டாம், 20 கெஜத்தில் பின்னது முன்னதைப் பிளக்கும்.

கேள்வி: எந்த வில் வாங்கலாம் அண்ணை, பட்ஜெட் குறைவு.

மேலே பார்க்கவும். சரி, ஒரு வரி கூட: நாணை வீட்டிலேயே மாற்ற விருப்பமென்றால் கப்பி இல்லாத ரீகர்வ் வகை பாருங்கள், ஒன்ராறியோவின் கிச்சனரில் தொடங்கிய எக்ஸ்காலிபர் நிறுவனம் அதில் பெயர் போனது. கப்பி வில்லுக்கு நாண் மாற்றப் பொதுவாகக் கடைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மான் வரவில்லை, இருட்டிவிட்டது. இழுத்த நாணை எப்படி இறக்குவது?

அதற்கென்று ஒரு பழைய அம்பு வைத்திருங்கள், பயிற்சி முனையோடு, மென்மையான நிலத்திலோ பையிலோ சுட்டு இறக்குங்கள். அம்பில்லாமல் விசையை அழுத்தாதீர்கள், ஒரே தடவையில் வில் முடிந்துவிடலாம். இழுத்த வில்லோடு பரணில் ஏறவும் இறங்கவும் வேண்டாம், கயிற்றில் கட்டி ஏற்றுங்கள். பெருவிரல்.

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் மான் நிறைய...

வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சிறை.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், இங்கே முடியுமா?

இங்கிலாந்தில் மானுக்கு அம்பு பாவிப்பதே சட்டவிரோதம். இலக்குப் பலகையோடு நிறுத்துங்கள்.

கேள்வி: இறைச்சி விற்பீர்களா? கிலோ எவ்வளவு?

ஒன்ராறியோவில் வேட்டையாடிய மான் இறைச்சியை விற்பது குற்றம். வீட்டுக்கு வந்தால் சாப்பிடலாம். ஆட்டுக்குப் போடுகிற அதே தூள்தான், ஆனால் கொழுப்பை முழுக்க வெட்டி எறியுங்கள், அது ஆறினால் மெழுகு மாதிரி வாயில் ஒட்டும்.

கேள்வி: அம்பு பட்டது, மான் ஓடிவிட்டது. உடனே பின்னால் போகவா?

உட்காருங்கள். அம்பைப் பாருங்கள். இளஞ்சிவப்பு, நுரையோடு இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி பொறுத்துப் போகலாம். கடும் சிவப்பு ஈரல், சில மணி நேரம். பச்சை, இரைப்பை மணம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருங்கள், கிளப்பிவிட்டால் கண்டுபிடிக்கவே மாட்டீர்கள். துப்பாக்கிப் பருவம் நடக்கிற நேரமென்றால் வில் கொண்டு போகிறவரும் செம்மஞ்சள் சட்டை, தொப்பி போட்டிருக்க வேண்டும், தேடுகிறபோதும் கழற்றாதீர்கள்.

கேள்வி: ஸ்கோப் பிழை போல, அங்கும் இங்கும் போகிறது...

முதலாவது கேள்வி. முதலாவது கேள்வி. முதலாவது கேள்வி.

கேள்வி: அண்ணை, முதல் கேள்வி கேட்டவன்தான். வெள்ளைக் குறி போட்டேன், இழுகயிறு வாங்கினேன், ஆணி இரண்டு தளர்ந்திருந்தது, இறுக்கினேன். இப்போது ஆறு அம்பும் ஒரு கோப்பை வாய் அளவுக்குள். ஆனால் எல்லாம் நாலு அங்குலம் மேலே.

இப்போது ஸ்கோப்பைத் தொடலாம் தம்பி. கீழே எண்பது கிளிக். பெருவிரல்.