கொள்கைகளுக்குத் தனி அத்தியாயம் வேண்டுமா?

கேள்வி: தபால் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், பேரப்பிள்ளைகளுக்காக என் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகிறேன். 'நான் கடைப்பிடித்த கொள்கைகள்' என்ற அத்தியாயத்தைப் படித்த என் மகள், தற்பெருமையாக இருக்கிறது என்கிறாள். அதை நீக்கிவிட்டால் வெறும் சம்பவங்கள்தானே மிஞ்சும்? சில பக்கங்களை இணைத்துள்ளேன்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரி, மிஞ்சுகிற சம்பவங்களே உங்களைச் சொல்லிவிடும். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சேலம் இராமசுவாமி முதலியாரை முதன்முதலில் சந்தித்த பகுதியை ஒருமுறை படித்துப் பாருங்கள். 1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக வந்திருந்த முதலியார், யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்று விசாரிக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொன்னாலே மதிப்பார் என்று எண்ணிய ஐயருக்கு ஏமாற்றமே கிடைக்கிறது. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று தாம் படித்த நூல்களை வரிசையாக அடுக்குகிறார். இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார் முதலியார். ஐயர் அதைப் படித்ததில்லை.

அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த 25 வயது இளைஞருக்கு அது எத்தகைய தலைகுனிவு! அதை எழுதியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 85. சிந்தாமணியை 1887இல் பதிப்பித்து, தமிழுலகமே போற்றும் பெரியவராகியிருந்தார். அந்தச் சந்திப்பை ஒரே வரியில் கடந்து போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தம் பெருமித எதிர்பார்ப்பையும், அது உடைந்த விதத்தையும் ஒளிக்காமல் எழுதி, அந்த நாளையே தம் வாழ்வின் திருப்பமாகக் குறிக்கிறார். தம்மைச் சிறுமையாக உணரவைத்தவரை நன்றியோடு நினைக்கும் அந்த மனத்தைக் காட்ட, 'நான் அடக்கமுள்ளவன்' என்ற வாக்கியம் அவருக்குத் தேவைப்படவில்லை. சைவ மடத்தின் சூழலில் படித்த அவர், சிந்தாமணியின் சைன (சமண) சமயக் கருத்துகளை அறியக் கும்பகோணத்துச் சைனர்களைத் தேடிச் சென்று பாடம் கேட்டதும் அப்படித்தான். சமயப் பொறையைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தக் காட்சிக்கு ஈடாகாது.

இனி உங்கள் பக்கங்களுக்கு வருகிறேன். கொள்கை அத்தியாயத்தில், 'நேர்மையே என் உயிர்மூச்சு' என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னை நிறுத்திய வரி வேறு. பணிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாலை கணக்கில் 40 ரூபாய் குறைந்தபோது, வயதான தபால்காரர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார் என்று போகிற போக்கில் குறிப்பிட்டு, அடுத்த வரியிலேயே இடமாற்றத்துக்குத் தாவிவிட்டீர்கள். அந்த மாலையில் நில்லுங்கள் சகோதரி. எங்கே பிழை நேர்ந்தது? அவர் என்ன சொன்னார், அல்லது ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாரா? பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா? கொடுக்காமல் விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

உங்கள் மகள் சொல்வது சரி. கொள்கை அத்தியாயத்தை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த 40 ரூபாயிலிருந்து முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.