கோட்டுக்கு இரு பக்கம்: உருவ டெசலேஷன் குறித்த கேள்வி-பதில்

இடைவெளியும் மேற்படிதலும் இல்லாமல் ஒரே வடிவத்தையோ சில வடிவங்களையோ திரும்பத் திரும்ப அடுக்கித் தளத்தை நிரப்புவது டெசலேஷன். அந்த வடிவம் சதுரமாகவோ அறுகோணமாகவோ நின்றுவிடாமல் பல்லி, குதிரை, மனிதன் என்று அடையாளம் தெரியும்படி அமைந்தால் அது உருவ டெசலேஷன். வந்திருந்த கேள்விகளில் தரத்தை எடைபோடுவது, கடினமான உருவங்களைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றைச் சார்ந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரு டெசலேஷனின் தரத்தை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? எனக்கு எல்லாமே வியப்பாகத்தான் தெரிகின்றன.

அந்த வியப்புதான் முதல் இடைஞ்சல். உருவங்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்திவிட்டதைக் கண்டதும் கண் நிறைவடைந்துவிடுகிறது. பொருந்தியிருப்பது எப்படிப்பட்ட உருவம் என்று அது விசாரிப்பதில்லை. எனவே நான் ஓர் உருவத்தை மட்டும் தனியே எடுத்து, உள்ளேயுள்ள கண், செதில், இறகு, நிழல் அனைத்தையும் நீக்கிவிட்டு, முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பார்ப்பேன். மூலப் படத்தைப் பார்த்திராத ஒருவர் அந்தக் கறுப்பு வடிவத்தைக் கண்டதும் ‘நாய்’ என்று தயங்காமல் சொன்னால் வெளிக்கோடு தன் வேலையைச் செய்திருக்கிறது. ‘ஏதோ ஒரு விலங்கு’ என்று இழுத்தால் செய்யவில்லை. ஒருமுறை, செதில்களும் நகங்களும் நுணுக்கமாக வரையப்பட்ட ஒரு கடல் நாகத்தை மிக உயர்வாக மதிப்பிட்டுவிட்டு, பிறகு அதன் உட்கோடுகளை மறைத்துப் பார்த்தபோது அது சற்றே நெளிந்த ஓர் அறுகோணம் என்பதைக் கண்டு வெட்கப்பட்டேன்.

இரண்டாவது சோதனை இன்னும் கறாரானது. பக்கத்தில் எந்த உருவமும் நெருக்காத வெற்றுத்தாளில் வரையச் சொல்லியிருந்தாலும் இந்த ஓவியர் இந்த விலங்கை இதே நிலையில், இதே உடல் அளவுகளோடு வரைந்திருப்பாரா? நாற்கால் விலங்கு என்றால் நான் நேராக அதன் வயிற்றுக்குக் கீழே, முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உள்ள இடத்தைத்தான் பார்ப்பேன். அந்த இடத்தை அண்டை உருவத்தின் ஏதேனும் ஓர் உறுப்பு அடைத்தாக வேண்டும். அங்கே கீழ்வரிசை விலங்கின் தலையும் காதுகளும் இயல்பாக ஏறி அமர்ந்திருந்தால், நீண்ட நாள் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். கால்கள் நான்கும் ஒரே கட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால், அல்லது காரணமே இல்லாமல் வால் தொடையளவு தடித்திருந்தால், ஓவியர் பாதி வழியில் சமரசம் செய்துகொண்டார் என்று பொருள்.

மூன்றாவதாக நான் கவனிப்பது மேல், கீழ் என்ற திசை உணர்வு. பல்லி, வண்டு, ஆமை போன்றவற்றை மேலிருந்து பார்ப்பதாக வரைகிறோம். அவை எந்தப் பக்கம் திரும்பினாலும் உறுத்தாது. பக்கவாட்டில் நிற்கும் யானையை 180 பாகை சுழற்றினாலோ, சரிபாதி யானைகள் தலைகீழாகத் தொங்கும். டச்சு ஓவியர் எம்.சி. எஷர் 1946-இல் வரைந்த குதிரை வீரர்களில் ஒரு வரிசை இடப்புறமும் அடுத்த வரிசை வலப்புறமும் செல்கிறது. ஆயினும் எல்லாக் குதிரைகளும் காலூன்றியே நடக்கின்றன. உருவத்தைக் கண்ணாடியில் போலத் திருப்பி, கூடவே சற்று நகர்த்தியும் வைக்கும் சறுக்குப் பிரதிபலிப்பு முறையை அவர் அங்கே தேர்ந்தெடுத்ததன் பயன் அது. உருவத்துக்கு ஏற்ற சமச்சீர் முறையைக் கண்டுபிடிப்பதும் தரத்தில் ஒரு பகுதிதான்.

கேள்வி: எங்கு பார்த்தாலும் மீனும் பறவையுமாகவே இருக்கின்றனவே, ஏன்? அவற்றை வரைந்தால் மதிப்புக் குறைவா?

மீனின் துடுப்பு சற்று முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் அது மீன்தான். பறவையின் சிறகை விரிக்கலாம், மடக்கலாம், ஒரு பக்கம் சாய்க்கலாம். கோடு எப்படி வளைந்தாலும் மன்னித்துவிடும் உருவங்கள் இவை. எஷருக்கு முன்பே, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வியன்னாவின் வடிவமைப்பாளர் கொலோமன் மோசர் தம் வடிவமைப்புகளில் மீன்களை இப்படிப் பிணைத்திருக்கிறார். மதிப்புக் குறைவென்று ஒதுக்க மாட்டேன். ஆனால் மீனை எடுத்துக்கொண்டவர் ‘ஏதோ ஒரு மீன்’ என்பதோடு நிறுத்தாமல், சுறா என்றோ கடற்குதிரை என்றோ இனம் பிரித்துச் சொல்லும் அளவுக்குப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். டிராகன், பேய், கற்பனை அரக்கன் ஆகியவை மீனைவிடவும் எளியவை. இல்லாத ஒன்றின் உடலமைப்பு தவறு என்று யார் சொல்ல முடியும்?

கேள்வி: ஓரளவு பயிற்சி பெற்றுவிட்டேன். சவாலான உருவம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரே உருவம் தன்னைத்தானே சூழ்ந்து நிற்கும்போது, அதன் வெளிக்கோட்டில் ஓரிடத்தில் புடைப்பு இருந்தால் வேறோர் இடத்தில் அதே அளவுக் குழிவு இருந்தே தீரும். நாயின் மூக்கு எங்கேயோ நுழைய வேண்டும். அது நுழையும் குழி இன்னொரு நாயின் உடலில்தான் இருக்கிறது. ஆகவே எல்லாப் பக்கமும் முட்களாக நீட்டிக்கொண்டு, அவற்றுக்கு ஈடான குழிவுகளை இயல்பாகக் கொண்டிராத முள்ளம்பன்றி போன்ற உருவம் பெரும் தொல்லை தரும். புடைப்பும் குழிவும் ஏறக்குறைய சமமாக உள்ள உருவம், பார்ப்பதற்குச் சிக்கலாக இருந்தாலும், முயன்றால் படிந்துவிடும்.

அடுத்து, உருவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் நிலையைத் தேர்ந்தெடுங்கள். பூனை என்று முடிவு செய்துவிட்டு ஒரே பூனையோடு மல்லுக்கட்டுவதைவிட, உட்கார்ந்த பூனை, பதுங்கும் பூனை, முதுகை வளைத்த பூனை என இருபது வடிவங்களைக் கறுப்பு நிழல்களாக வரைந்து மேசையில் பரப்பிவிட்டு, எதன் முதுகு எதன் வயிற்றுக்கு விடை சொல்கிறது என்று பாருங்கள். நான் எப்போதும் இந்தக் கட்டத்தில்தான் மிகுதியான நேரத்தைச் செலவிடுகிறேன். பென்சிலைவிட அழிப்பானும் கத்தரிக்கோலும்தான் இங்கே உதவுகின்றன.

கடினத்தைப் பொறுத்தவரை என் வரிசை இப்படி: மெல்லிய, நீண்ட கழுத்தும் கால்களும் உடைய கொக்கும் ஒட்டகச்சிவிங்கியும் ஒரு படி. மனிதனின் முழு உடல் அதற்கு மேல். மனிதக் கை சிறிது நீண்டால்கூட நம் கண் உடனே கண்டுபிடித்துவிடும். அதே தவறைத் தவளையிடம் கவனிக்க மாட்டோம். அனைத்திலும் கடினம் வளையவே மறுக்கும் செய்பொருள்கள்: மிதிவண்டி, கிதார், கத்தரிக்கோல். இவற்றில் நேர்க்கோடு நேராகவும் வட்டம் வட்டமாகவும் இருந்தாக வேண்டும். கைப்பிடியுள்ள கோப்பையில் இன்னொரு வம்பு உண்டு. கைப்பிடிக்குள் உள்ள ஓட்டை யாருக்குச் சொந்தம்? அது வெளிக்கோட்டோடு தொடர்பில்லாமல் நாற்புறமும் அடைபட்டு நிற்பதால், அண்டை உருவம் அதற்குள் நுழையவே முடியாது. அதை உட்கோடாக மட்டும் வரைந்து ஏமாற்றலாம், அல்லது அந்த ஓட்டைக்கென்றே இன்னொரு சிறிய உருவத்தைக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவதைச் செய்தவரைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

கேள்வி: தளத்தை நிரப்ப 17 வழிகள் மட்டுமே உண்டு என்று படித்தேன். அவ்வளவுதானா?

இரண்டு எண்ணிக்கைகள் இங்கே குழம்புகின்றன. இரு திசைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கோலம் கொள்ளக்கூடிய சமச்சீர் வகைகள்தான் 17. இதை 1891-இல் ரஷ்யப் படிகவியலாளர் ஃபெடோரோவ் நிறுவினார். 1924-இல் கணித அறிஞர் போல்யா எழுதிய கட்டுரையும் இதைப் பற்றியதே. அந்தக் கட்டுரையின் படங்களிலிருந்துதான் எஷர் பெரிதும் கற்றுக்கொண்டார். ஓவியருக்கு நேரடியாகப் பயன்படுவது வேறொரு பட்டியல்: தனக்குள் சமச்சீர் இல்லாத ஓர் உருவத்தின் விளிம்புகளை எப்படி எப்படி இணையாக்கலாம் என்று ஜெர்மன் கணித அறிஞர் ஹைன்ரிஷ் ஹீஷ் பிரித்துக் காட்டிய 28 வகைகள். தொடக்கத்தில் வெறும் நகர்த்தல், பிறகு சறுக்குப் பிரதிபலிப்பு, அதன் பின் சுழற்சி என்று போனால் போதும்.

கேள்வி: இரண்டு வேறு உருவங்களைப் பிணைப்பது ஒற்றை உருவத்தைவிட உயர்ந்த திறமை அல்லவா?

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நான் உடன்பட மாட்டேன். முதல் உருவத்தை ஏறக்குறைய உங்கள் விருப்பப்படி வரைந்துவிட்டு, எஞ்சும் இடத்தை இரண்டாவது உருவமாக்கும் வசதி அதில் இருக்கிறது. ஒற்றை உருவத்தில் அந்த வசதி இல்லை. ஒரு கோட்டை நகர்த்தினால் அதே உருவத்தின் வேறோர் உறுப்பு கெடும். இரட்டை உருவப் படைப்பைப் பார்க்கும்போது இரண்டில் மெலிந்ததைக் கொண்டே மதிப்பிடுங்கள். அன்னம் அழகாகவும் அதன் இடுக்கில் கிடக்கும் தவளை நசுங்கியும் இருந்தால், அது ஓர் அன்னமும் அது விட்டுவைத்த இடமும் மட்டுமே.

கேள்வி: குறைந்தது எத்தனை வண்ணங்கள் தேவை?

உருவங்கள் கூடும் சந்திகளை எண்ணுங்கள். ஒவ்வொரு சந்தியிலும் இரட்டைப்படையில் உருவங்கள் கூடினால் இரண்டு வண்ணம் போதும். ஓரிடத்தில் மூன்று கூடினாலும் இரண்டு போதாது. எப்படிப்பட்ட அமைப்பாயினும், ஒட்டி நிற்கும் இரண்டுக்கு ஒரே நிறம் வராமல் பிரிக்க நான்கு போதும். அதற்கு மேல் சேர்ப்பது அழகுக்காக மட்டுமே.

கேள்வி: மென்பொருளால் உருவாக்கியதைக் கலையாக ஏற்கலாமா?

ஒரு வடிவத்தைக் கொடுத்தால் தளத்தை நிரப்பக்கூடிய, அதற்கு மிக நெருங்கிய வடிவத்தைத் தேடித் தரும் வழிமுறையைக் கணினி அறிஞர்கள் கிரெய்க் கேப்லனும் டேவிட் சேல்சினும் 2000-இல் வெளியிட்டார்கள். அதைத் தொடக்கப்புள்ளியாகக் கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணினி நெருக்கத்தைத் தூரத்தால் அளக்கிறது. முயலின் முதுகில் ஏற்படும் பிசகும் காதில் ஏற்படும் அதே அளவுப் பிசகும் அதற்கு ஒன்றுதான். நமக்கோ முதுகு சற்று மாறினாலும் முயல் முயலே, காது மாறினால் எலி. அந்த இடங்களில் ஓவியர் கை வைத்துத் திருத்தியிருக்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கேள்வி: ஓரங்களில் உருவங்கள் பாதியில் வெட்டுப்படுவது குறையா?

குறையில்லை; எல்லையற்ற பரப்பின் ஒரு துண்டைத்தான் காட்டுகிறோம். ஆனால் முகத்துக்குக் குறுக்கே சட்டத்தின் விளிம்பு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டவே மனமில்லாதவருக்கு எஷரே ஒரு வழி காட்டியிருக்கிறார்: கணித அறிஞர் காக்ஸ்டரின் கட்டுரையில் கண்ட ஒரு வரைபடத்தைப் பின்பற்றி 1959-இல் செதுக்கிய வட்டவடிவ மரச்செதுக்கில், மீன்கள் விளிம்பை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகின்றன, எந்த மீனையும் வெட்ட வேண்டிய தேவையே அங்கே வரவில்லை.