மூடி வைத்த லேப்டாப்பில் ராத்திரியோடு பேட்டரி காலியாவது

மூடியை மூடினால் உங்கள் லினக்ஸ் தூங்கத்தான் செய்கிறது, அரைத் தூக்கம். காலையில் பேட்டரி பாதிக்கும் கீழே போவதற்கும், மூடியிருக்கும்போதே அடிப்பக்கம் சுடுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். புது பேட்டரி வாங்க அவசரப்படாதீர்கள்.

டெர்மினலில் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பை கேட் கட்டளையால் பாருங்கள் (தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து). ஒரே வரிதான் இருக்கும். எஸ்2ஐடில், டீப் என்று இரண்டும் வந்து, சதுர அடைப்புக்குறி எஸ்2ஐடிலைச் சுற்றி இருந்தால் நடப்பது மேலோட்டமான தூக்கம். அதில் பிராசஸர் சும்மா இருக்குமே தவிர அணைவதில்லை. ஏதோ ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அடங்காமல் முரண்டு பிடித்தால் போதும், சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். டீப்பில் ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாமே அணைந்துவிடும்.

சரி, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) நுழைந்து அதே கோப்பில் டீப் என்று எழுதிவிட்டு மூடித் திறந்து பாருங்கள். ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் பயமில்லாமல் சோதிக்கலாம். ஒத்துவந்தால், அப்புறம் கிரப்பில் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, அமைப்புகளைச் சொல்லும் வரியோடு மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்=டீப் சேர்த்து, கிரப்பைப் புதுப்பியுங்கள்.

ஒன்று: சில மெஷின்கள் டீப்புக்குப் போனால் எழுந்திருக்காது, திரை கருப்பாகவே நிற்கும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுச் சோதியுங்கள்.

அந்தக் கோப்பில் டீப் என்ற சொல்லே வராவிட்டால் பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்ததும் நுழையக்கூடிய அமைப்புத் திரை) தூக்க முறையை மாற்ற வழி இருக்கிறதா பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஹைபர்னேட்தான் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுசாக அணைவது), அதற்கு ஸ்வாப் இடம், அதாவது ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கிய இடம், தாராளமாக வேண்டும்.