ஜப்பானியப் பாப் பாடல்களில் பள்ளியை விட்டுப் பிரிவதும் புதுத் தொடக்கமும் ஏன் இத்தனை முறை வருகின்றன? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

காலண்டர்தான் காரணம். அங்கே கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும். படிப்பை முடித்து வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கும் ஏப்ரல் 1-தான் முதல் நாள். டோக்கியோ பக்கம் செர்ரி பூப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். பாட்டுக்கு 'சகுரா' (செர்ரிப் பூ) என்று பெயர் வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி!

நான் முதலில் கைகாட்டுவது பாடகி ஏஞ்சலா அகி 2008-இல் வெளியிட்ட 'தெகாமி'. கடிதம் என்று பொருள். யாரிடமும் சொல்ல முடியாத கவலைகளோடு இருக்கும் 15 வயதுப் பிள்ளை, வருங்காலத்துத் தனக்கே கடிதம் எழுதுகிறது. அடுத்த சரணத்தில், வளர்ந்துவிட்ட அதே ஆள் பதில் எழுதுகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் பொய் சொல்வதில்லை. பெரியவரான பிறகும் காயப்பட்டுத் தூங்காத இரவுகள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். வெறும் 'கவலைப்படாதே'யைவிட இது எவ்வளவோ தெம்பு தருகிறது.

ரெமியோரொமென் குழுவின் 'மார்ச் 9' (2004) உண்மையில் நண்பரின் கல்யாணத்துக்காக எழுதிய பாட்டு. ஒரு டிவி தொடரில் மாணவர்கள் சேர்ந்து பாடியபிறகு பள்ளி விடைபெறு விழாப் பாட்டாகிவிட்டது.

பாப் இல்லையென்றாலும் 'தபிதாச்சி நோ ஹி நி' (புறப்படும் நாளில்) பாட்டை விட்டுவிடாதீர்கள். 1991-இல் சிச்சிபு ஊர்ப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் எழுதி, இசை ஆசிரியை மெட்டமைத்தது. விடைபெறும் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் பாடிக்காட்டவே உருவான பாட்டு, இன்று நாடு முழுக்கப் பிள்ளைகள் பாடுவதாகிவிட்டது.